சொட்டாத ஒழுக்கு

விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீரை வீணாக்கும்? ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் 4,000 சொட்டு சேர்ந்து ஒரு லிட்டர். நாளுக்கு 86,400 விநாடிகள். ஆக, 21.6 லிட்டர், ஆண்டு முழுவதும் விட்டுவைத்தால் சுமார் 7,900 லிட்டர். இந்திய நகரங்களில் குடிநீர்த் திட்டம் வகுக்கும்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அந்த 135-இல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை ஒரு பழுதான குழாய் குடித்துவிடுகிறது. இந்தக் கணக்கு பள்ளிப் பாடப் புத்தகத்திலிருந்து நகராட்சிச் சுவரொட்டி வரை எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. ஆனால் வீட்டில் தண்ணீர் வீணாவதற்கு இந்தச் சொட்டைச் சின்னமாக வைத்ததில் ஒரு கோளாறு இருக்கிறது. சொட்டும் குழாய் தன் குற்றத்தைத் தானே அறிவித்துக்கொள்கிறது. இராத்திரியில் அதன் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது. யாரோ ஒரு வாளியை அடியில் வைக்கிறார்கள். காலையில் அந்த வாளித் தண்ணீர் பாத்திரம் கழுவப் போய்விடுகிறது. இதற்குப் பதிலாக, சுவருக்குள் புதைத்த பைப்பில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே ஆறு மீட்டர் உயரத்தில் மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம். அந்தத் துளை வழியே மணிக்கு 18 லிட்டர், நாளுக்கு 440 லிட்டர் போகும். சொட்டும் குழாயைப் போல இருபது மடங்கு. சத்தமும் இல்லை, வாளியும் இல்லை.

இந்த 440 லிட்டர் எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் நம் உள்ளுணர்வு இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் சொன்ன விதி இது: தொட்டியின் அடியில் உள்ள துளையிலிருந்து வெளியேறும் நீரின் வேகம், நீர்மட்டத்திலிருந்து அதே உயரத்துக்குக் கீழே விழும் ஒரு பொருள் அடையும் வேகத்துக்குச் சமம். ஆறு மீட்டர் உயரத்துக்கு அது விநாடிக்குக் கிட்டத்தட்ட 11 மீட்டர். துளையின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர்கூட இல்லை. வெளியே பாயும் நீர்த்தாரை துளையைவிடவும் சற்று ஒடுங்கும் என்பதற்காக இன்னும் 40 சதவீதம் கழித்துக்கொண்டோம். அப்படியும் விநாடிக்கு 5 மில்லிலிட்டர், அதாவது இருபது சொட்டு. விதியில் உயரம் வர்க்கமூலமாக வருவதைக் கவனிக்க வேண்டும். தொட்டியின் உயரத்தைப் பாதியாக்கினால் ஒழுக்கு பாதியாகாது. 440 லிட்டர் 310 ஆகக் குறையும், அவ்வளவுதான். 'எங்கள் வீடு ஒரே மாடி, அழுத்தமே இல்லை' என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. பிளாஸ்டிக் பைப்பில் விழுவது வட்டத் துளையாக இல்லாமல் நீளவாக்கில் ஒரு வெடிப்பாக இருந்தால் நிலைமை வேறு. அழுத்தம் கூடும்போது வெடிப்பின் வாயே அகலமாகிறது. வேகமும் கூடுகிறது, பரப்பும் கூடுகிறது. ஜான் மே என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1994-இல் இதை விளக்கினார். இத்தகைய வெடிப்பில் அழுத்தம் இரட்டித்தால் ஒழுக்கு இரட்டிப்பையும் தாண்டிப் போகலாம். பிரஷர் பம்ப் பொருத்திய அடுக்குமாடி வீடுகளில் பழைய பைப்புகள் திடீரென்று வம்பு செய்ய ஆரம்பிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒழுக்கின் வேகம் ஒரு பாதிதான். வீணான தண்ணீரின் மொத்த அளவு என்பது வேகத்தைக் காலத்தால் பெருக்கி வருவது. நகரக் குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள் அந்தக் காலத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஒழுக்கு இருப்பது தெரியவரும் வரையான காலம், அது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கும் காலம், சரிசெய்யும் காலம். தெருவில் பைப் உடைந்து நீரூற்றாகப் பீய்ச்சினால் முதல் இரண்டும் சில நிமிடங்கள். லாரி வந்து பள்ளம் தோண்டி மூடுவதற்கு ஒரு நாள். மண்ணுக்கடியில் ஒரு இணைப்பு கசிந்தால் முதல் கட்டமே பல மாதம் நீளும். அதனால் பீய்ச்சியடிக்கும் உடைப்பைவிடக் கண்ணில் படாத கசிவுதான் ஆண்டுக் கணக்கில் அதிகத் தண்ணீரைத் தின்றுவிடுகிறது. வீட்டிலும் இதே கதை. பிளம்பரின் வேலை அரை நாள். இடத்தைத் தேடுவது ஓரிரு நாள். ஒழுகுகிறது என்று தெரியாமலே கழிந்த காலமோ ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை போயிருக்கலாம். நாம் செலவழிக்கும் கவலை முழுவதும் பழுதுபார்ப்பதில் இருக்கிறது. பழுதுபார்க்க என்ன பசை, எந்தக் கம்பெனி டேப், எவ்வளவு கூலி. குறைக்க வேண்டியது முதல் கட்டத்தை. கண்ணையும் காதையும் நம்பிக் காத்திருந்தால் அது குறையாது. வீட்டில் ஒழுக்கு உண்டா இல்லையா என்பதை அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும், அதுவும் ஒழுகுவதற்கான அறிகுறி எதுவும் இல்லாதபோதே.

அளந்து பிடிக்கும் இந்த வழிக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1870-களில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் நாள் முழுதும் விட முடியாமல் சில மணி நேரம் மட்டுமே குடிநீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். நகரப் பொறியாளராக இருந்த ஜார்ஜ் டீக்கன் புதிய ஏரிக்கு உடனே வழியில்லை என்ற நிலையில், இருக்கும் நீர் எங்கே போகிறது என்று கேட்டார். 1873-இல் அவர் வடிவமைத்த மீட்டர், மொத்தம் எத்தனை காலன் போனது என்று மட்டும் சொல்லவில்லை; ஒவ்வொரு கணமும் எந்த வேகத்தில் போகிறது என்பதைக் கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் கோடாக வரைந்தது. பகலில் அந்தக் கோடு ஏறி இறங்கும், ஏனென்றால் ஆட்கள் குழாயைத் திறந்து மூடுகிறார்கள். நள்ளிரவு தாண்டியதும் கோடு சமமாகிவிடும். ஊரே தூங்கும்போது குறையாமல் ஓடும் அந்த நீர் யாருடைய பயன்பாடும் அல்ல, ஒழுக்கு. பிறகு ஊழியர்கள் இரவிலேயே தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டின் இணைப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து, அடைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். எந்த நேரத்தில் கோடு சட்டென்று கீழே இறங்கியதோ, அந்த நேரத்தில் அடைபட்ட வீடு குற்றவாளி. இன்றைக்கும் உலகெங்கும் குடிநீர் வாரியங்கள் இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையான குறைந்தபட்ச ஓட்டத்தைத்தான் பார்க்கின்றன. மின்னணு மீட்டர் வந்துவிட்டது, யோசனை டீக்கனுடையதே.

தமிழ்நாட்டு வீட்டுக்காரருக்கு லிவர்பூல்காரருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. இங்கே பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் நேரே தெருக்குழாயிலிருந்து வருவதில்லை. மோட்டார் போட்டு மேலே ஏற்றிய தொட்டியிலிருந்து இறங்குகிறது. அந்தத் தொட்டியே மீட்டர். இராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை நிறுத்தி, தொட்டியின் மூடியைத் திறந்து, மேல் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை ஒரு அளவுகோலால் அளந்து எழுதிவைக்க வேண்டும். விடியற்காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி அளக்க வேண்டும். செலவு பூஜ்யம். உள்விட்டம் 110 செ.மீ. உள்ள உருளைத் தொட்டியில் மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். முதலில் பார்த்த விநாடிக்கு ஒரு சொட்டு, எட்டு மணி நேரத்தில் மட்டத்தை முக்கால் செ.மீ. இறக்கும், கவனமாக அளந்தால் பிடிபடும். சுவருக்குள் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் துளை பதினைந்து செ.மீ. இறக்கிவிடும், அளவுகோல்கூட வேண்டியதில்லை. மூடிய தொட்டியில் ஆவியாகிப் போவது அற்பம். இதே சோதனையைத் திறந்த கீழ்த்தொட்டியில் செய்தால் மட்டும் கோடையில் நாளுக்குச் சில மில்லிமீட்டர் ஆவியாவதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரவில் யாராவது கழிப்பறைக்குப் போயிருந்தால் ஒரு முறை ஃப்ளஷ் செய்ததற்கு ஆறு முதல் பத்து லிட்டர் வரை கணக்கில் சேர்க்க வேண்டும். ஓர் இரவை நம்பாமல் இரண்டு மூன்று இரவு பார்த்தால் தற்செயல்கள் விலகிவிடும்.

மட்டம் இறங்கியிருந்தால் அடுத்து டீக்கனின் ஆட்கள் செய்ததையே செய்ய வேண்டும்: அடைத்து அடைத்துப் பார்ப்பது. தொட்டியின் அடியில் இறங்கும் பைப்பிலுள்ள கேட் வால்வை இரவு முழுக்க மூடிவைத்து அளந்தால், அப்போதும் மட்டம் இறங்கினால் பழுது தொட்டியிலோ அதை ஒட்டிய இணைப்பிலோ இருக்கிறது. இறங்காவிட்டால் வீட்டுக்குள். அடுத்த இரவு வால்வைத் திறந்துவிட்டு, ஒரு குளியலறையின் ஸ்டாப் காக்கை மூடலாம். அதற்கடுத்த இரவு ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக்குகளை மட்டும். ஒவ்வொரு இரவும் வீட்டை இரண்டாகப் பிரித்து எந்தப் பாதியில் குற்றம் என்று கேட்பதுபோல அமைத்துக்கொண்டால், எட்டுக் கிளைகள் உள்ள வீட்டிலும் மூன்று இரவில் ஒரு கிளைக்கு வந்துவிடலாம். சுவரை உடைக்கும் உளி அதற்குப் பிறகு வந்தால் போதும். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. பல ஆண்டு திறந்தே கிடந்த கேட் வால்வு, மூடினாலும் முழுதாக மூடாது. உள்ளே உப்புப் படிந்து இடுக்கில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். மூடிய பிறகு கீழே ஒரு குழாயைத் திறந்து நீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே சோதனையை நம்ப வேண்டும். இன்னொன்று, மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் பைப். அதன் வாய் நீர்மட்டத்துக்கு மேலே நின்றால் தொல்லை இல்லை. வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்து, கீழே ரிட்டன் வால்வும் பழுதாக இருந்தால், தொட்டி நீர் வந்த வழியே கிணற்றுக்கோ சம்ப்புக்கோ மெல்லத் திரும்பிவிடும். ஒரு சொட்டு ஈரம் எங்கும் தெரியாது. மோட்டார் மட்டும் நாளுக்கு இரண்டு தடவை கூடுதலாக ஓடும்.

இந்த இரவுச் சோதனையில் அதிகம் மாட்டிக்கொள்ளும் ஆசாமி சுவருக்குள் இல்லை, ஃப்ளஷ் டேங்குக்குள் இருக்கிறது. அதன் அடியிலுள்ள ரப்பர் அடைப்பான் தேய்ந்தாலோ, உப்புப் படிந்து சரியாக உட்காராவிட்டாலோ, தண்ணீர் பீங்கானின் வளைவை ஒட்டி மெல்லிய படலமாக இறங்கிவிடும். மேலே மிதவை வால்வு குறைந்ததை அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருக்கும். மிதவை வால்வே பழுதானால் கூடுதல் நீர் உள்ளே இருக்கும் வழிந்தோடும் குழல் வழியே அதே பீங்கானுக்குள் போகும். இரண்டிலும் வெளியே ஒன்றும் தெரியாது. இந்தக் கருவி இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இது ஒரு வடிவமைப்புத் தேர்வு. பிரிட்டனில் நெடுங்காலம் ஃப்ளஷ் தொட்டியில் அடைப்பானே கூடாது என்று விதி இருந்தது. அங்கே பயன்பட்டது வடிகுழல் முறை. கவிழ்த்த ப வடிவக் குழலின் ஒரு கால் தொட்டி நீரில் நிற்கும். வளைவின் உச்சி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். கைப்பிடியை அழுத்தினால் ஒரு தட்டு நீரை உச்சிக்கு மேலே தூக்கிவிடும், பிறகு தொட்டி தானாகக் காலியாகும். நீர்மட்டத்துக்குக் கீழே அடைத்துப் பிடிக்கும் ரப்பர் எதுவும் இல்லாததால் ஒழுகுவதற்கும் எதுவும் இல்லை. வடிகுழல் கெட்டால் ஃப்ளஷ் ஆகாது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். வழிந்தோடும் குழலையும் சுவருக்கு வெளியே நீட்டி, பழுதானால் வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி கொட்டச் செய்தார்கள். 1999-இல் வந்த விதிகள், 2001 முதல் அடைப்பான் வகைக்கும் அங்கே இடம் கொடுத்தன. அதன்பின் சத்தமில்லாமல் ஒழுகும் கழிப்பறை அந்நாட்டுக் குடிநீர் நிறுவனங்களின் தீராத தலைவலிகளில் ஒன்றாகிவிட்டது. நம் ஊரில் மொட்டைமாடித் தொட்டியின் வழிந்தோடும் பைப்பைத் தெருப்பக்கம் நீட்டிவைத்த பழைய வழக்கமும் இதே காரணத்தால் நல்ல பொறியியல்தான்; தொட்டி நிரம்பினால் எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். அதை அழகு கருதி மழைநீர்க் குழாய்க்குள் மறைத்துவிடும் புதிய வழக்கம் ஒரு எச்சரிக்கையைப் பிடுங்கிப் போடுகிறது. ஃப்ளஷ் டேங்கைச் சோதிப்பதற்குச் சலவைக்குப் போடும் சொட்டு நீலம் போதும். தொட்டிக்குள் சில சொட்டு விட்டு, அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால், பீங்கானில் நீலம் தெரிகிறதா இல்லையா என்பது விடை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். வீடுகளில் பலரை வாட்டுவது தொட்டி மட்டம் அல்ல, சுவரில் ஏறும் ஓதம். மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே கூரையில் படரும் கறை. இரவில் தொட்டி ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை, கறை மட்டும் வளர்கிறது என்றால் அளவுகோல் என்ன செய்யும்? அளவுகோல் அப்போதும் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லிவிட்டது: அழுத்தத்தோடு நீர் நிற்கும் பைப்புகள் குற்றமற்றவை. மீதி இருப்பவை கழிவுநீர்க் குழாய், தரையின் இணைப்பு இடுக்கு, மழை. இவை மூன்றும் எப்போதும் ஒழுகுவதில்லை. நீர் பாயும்போது மட்டும் ஒழுகுகின்றன. ஆகவே இங்கேயும் சாட்சி காலம்தான். கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைக்க வேண்டும். மழைக்குப் பிறகு மட்டும் கோட்டைத் தாண்டினால் மொட்டைமாடி. மேல்வீட்டில் ஆள் இல்லாத வாரத்தில் நின்றுவிட்டால் கழிவுநீர்க் குழாய் அல்லது குளியலறைத் தரை. மழையும் இல்லை, ஆளும் இல்லை, அப்போதும் வளர்கிறது என்றால் மேல்வீட்டின் அழுத்தப் பைப். அவர்கள் தொட்டியை அளக்கச் சொல்ல வேண்டியதுதான், அந்தப் பேச்சுவார்த்தை இயற்பியலைவிடக் கடினமானது. கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே துளை இருக்கும் என்று நம்பி உடைப்பதுதான் இதில் வழக்கமான பிழை. நம் அடுக்குமாடிக் குளியலறைகளில் தளத்தை ஓரடி தாழ்த்தி, அந்தப் பள்ளத்தில் செங்கல் ஜல்லியை நிரப்பி, அதற்குள் கழிவுநீர்க் குழாயை ஓட்டுவது வழக்கம். ஒழுகிய நீர் முதலில் அந்த ஜல்லியை நனைக்கும். பள்ளம் ஊறிய பிறகு கான்கிரீட்டில் எங்கே மெல்லிய வெடிப்பு இருக்கிறதோ அங்கே இறங்கும். அது துளையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கலாம், இரண்டு மாதம் பின்தங்கியும் இருக்கலாம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் இடமும் அப்படித்தான். செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்த நீர், காற்றுப்பட்டு ஆவியாகும் விளிம்பில் உப்பை விட்டுப்போகிறது. பூத்திருப்பது ஈரத்தின் பயணம் முடிந்த இடம், தொடங்கிய இடம் அல்ல.

கருவிகள் இருக்கின்றனவே, எதற்கு இத்தனை பாடு என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வெப்பப்படக் கேமராவில் ஈரமான சுவர் குளிர்ந்து தெரியும், ஏனென்றால் ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆக அது காட்டுவதும் ஈரம் வந்து சேர்ந்த இடத்தையே. ஈரமானி மின்கடத்தலை அளக்கிறது; உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் அது ஈரம் என்று சொல்லக்கூடும். ஒலி கேட்கும் கருவி இரும்புப் பைப்பில் நன்றாக வேலை செய்யும், துளையில் பீறிடும் நீரின் சீறல் உலோகத்தில் தொலைவு வரை போகும். பிளாஸ்டிக் அந்த ஒலியைச் சில மீட்டரில் விழுங்கிவிடும். இவற்றையெல்லாம்விட நம்பத் தகுந்தது பிளம்பர்கள் செய்யும் பழைய அழுத்தச் சோதனை. எல்லாக் குழாய் வாய்களையும் அடைத்து, பைப்பில் நீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தி, மானியின் முள்ளைப் பார்ப்பது. இதன் கூர்மைக்குக் காரணம் நீரின் பிடிவாதம். ஓரங்குலப் பைப் நாற்பது மீட்டர் ஓடினால் அதில் சுமார் 20 லிட்டர் நீர் இருக்கும். அதைப் பத்து கிலோ அழுத்தத்துக்கு உயர்த்தினாலும் நீர் சுருங்குவது இரண்டு தேக்கரண்டி அளவுதான். பிளாஸ்டிக் பைப் சற்று உப்புவதையும் சேர்த்தால்கூட ஒரு டம்ளரை எட்டாது. அவ்வளவு நீர் வெளியே போனாலே முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். மேல்தொட்டி சோதனை லிட்டர்களைக் காட்டுகிறது, இது தேக்கரண்டிகளைக் காட்டுகிறது. பைப்புக்குள் காற்று சிக்கியிருந்தால் மட்டும் கணக்கு கெடும். காற்று நன்றாகச் சுருங்கக்கூடியது என்பதால் நீர் கசிந்தாலும் முள் சோம்பலாகவே இறங்கும். அதனால்தான் உயரமான குழாய் ஒன்றைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு அடைக்கிறார்கள். புதுவீட்டில் சுவர்ப் பூச்சுக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லாமல் விடுவது, பின்னால் டைல்ஸை உடைக்க முன்பணம் கொடுப்பதற்குச் சமம்.

இடம் தெரிந்த பிறகு பழுதுபார்ப்பதில் அதிகம் பேச ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஒழுகும் இடத்தை அடைப்பதும் ஒழுகுவதற்கான காரணத்தை நீக்குவதும் வேறு வேறு. திருகு குழாயை எடுத்துக்கொள்ளலாம். 1845-இல் ரோதர்ஹாம் நகரத்தின் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் வார்ப்படச்சாலை காப்புரிமை பெற்ற வடிவம் இன்றும் நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது: பித்தளை விளிம்பின்மேல் ஒரு மெல்லிய வாஷர் வந்து அமர்கிறது. வாஷர் தேய்வதற்கென்றே வைத்த பாகம். அது தேய்ந்து சொட்ட ஆரம்பித்ததும் நாம் இன்னும் இறுக்கித் திருகுகிறோம். அதனால் வாஷர் வெட்டுப்படுகிறது, அடுத்து விளிம்பிலேயே பள்ளம் விழுகிறது. சில ரூபாய் வாஷரில் முடிய வேண்டியது முழுக் குழாயையும் மாற்றுவதில் முடிகிறது. மரை இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவதிலும் இதே அவசரம். மரைக்கும் மரைக்கும் இடையே சுருளாக ஓர் இடைவெளி எப்போதும் உண்டு. டேப் அதை நிரப்புகிறது, வழுக்கிக்கொடுத்து ஆழமாக இறங்கவும் விடுகிறது. அந்த வழுக்கலே ஆபத்து. பிளாஸ்டிக் எல்போவுக்குள் பித்தளைக் குழாயை வலிமை உள்ள மட்டும் இறுக்கினால் எல்போ உள்ளிருந்து விரிந்து, உடனே இல்லாமல் சில மாதம் கழித்து, நீளவாக்கில் வெடிக்கும். உள்ளே பித்தளை மரை பதித்த எல்போ சற்று விலை கூடுதல் என்பதைத் தவிர வேறு குறை இல்லாதது. மொட்டைமாடியில் வெயிலில் ஓடும் வெள்ளை பி.வி.சி. பைப் இன்னொரு வகை. பத்து மீட்டர் பைப் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ இரண்டு செ.மீ. நீள்கிறது, இரும்பு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட நீளாது. இரு முனையையும் சிமெண்டில் இறுகப் பதித்துவிட்டால், தினமும் நீண்டு சுருங்கும் பைப் மூலையிலுள்ள எல்போவைத்தான் பிடித்து இழுக்கும். அங்கே வெடிப்பை எத்தனை முறை ஒட்டினாலும், பைப் நகர இடம் கொடுக்காத வரை பக்கத்து எல்போ அடுத்த முறைக்குக் காத்திருக்கும். ஒட்டுவதிலும் இயற்பியல் உண்டு. வெளியே பூசிய பசையை உள்ளிருக்கும் நீரழுத்தம் எப்போதும் பிரித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஈரத்தின்மேல் பூசினால் பிடிப்பே இல்லை. நீரை வடித்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பிறகு பூசிய எபாக்சி சில காலம் தாக்குப்பிடிக்கும். பி.வி.சி. சொல்யூஷனோ பசையே அல்ல என்று சொல்லலாம். அது இரண்டு பிளாஸ்டிக் பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. கரைய வேண்டிய பரப்பில் ஈரம் இருந்தாலோ, கரைந்தது இறுகுமுன் மோட்டாரைப் போட்டாலோ, அந்த இணைப்பு பிறக்கும்போதே ஒழுக்கோடு பிறக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கேட்கப்படும் பெரிய கேள்வி, இதெல்லாம் மெனக்கெடத் தகுந்ததா என்பது. நூறு மீட்டர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஆயிரம் லிட்டர் ஏற்ற, மோட்டாரின் வீணையும் சேர்த்து, சுமார் முக்கால் யூனிட் மின்சாரம் ஆகும். நாளுக்கு 440 லிட்டர் ஒழுகினாலும் மாதத்துக்குப் பத்துப் பதினொரு யூனிட்டுதான். மின்கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பிளம்பர் கூலி தேறாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒழுகிய நீர் மண்ணுக்குத்தானே போகிறது என்ற வாதம் அதைவிட வலு குறைந்தது. ஃப்ளஷ் டேங்கில் ஒழுகுவது சாக்கடைக்குப் போகிறது. மாடியில் ஒழுகுவது கான்கிரீட்டுக்குள் போகிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்ட வறண்டு, சென்னையில் லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றபோது, ஒரு லிட்டரின் விலையை யூனிட்டால் அளக்க யாருக்கும் தோன்றியிருக்காது. தெருப் பைப்புகளில் ஊரே ஒழுகும்போது என் வீட்டு ஒழுக்கு எம்மாத்திரம் என்பதும் அளவில் உண்மைதான். ஆனால் உண்மையான செலவு இந்தக் கணக்குகளில் எதிலும் வருவதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் கான்கிரீட்டின் காரத்தன்மை துருவிலிருந்து காக்கிறது. உப்பு கலந்த நீர் தொடர்ந்து ஊறினால் அந்தக் காப்பு உடையும்; கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இதில் தனித் திறமை உண்டு. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்துக்காகக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கூரையிலிருந்து பொருக்குப் பொருக்காக விழுந்து கம்பி வெளியே தெரியும் வீடுகளின் கதை பெரும்பாலும் ஒரு குளியலறைக்குக் கீழேதான் தொடங்குகிறது.

துளை ஒருவழிப் பாதையும் அல்ல. பைப்புக்குள் அழுத்தம் இருக்கும் வரை நீர் வெளியே போகும். அழுத்தம் விழுந்ததும் வெளியில் இருப்பது உள்ளே வரும். நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களில் தெருவிலிருந்து சம்ப்புக்கு வரும் பைப் மீதி நேரம் காலியாகக் கிடக்கிறது. அதன் வழியில் ஒரு விரிசலும் பக்கத்தில் ஒரு சாக்கடையும் இருந்தால், அடுத்த முறை முதலில் வரும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். செப்டிக் டேங்குக்கு அருகே கட்டிய சம்ப்பிலும் இதே நியாயம்: சம்ப் நிறைந்திருக்கும்போது வெடிப்பில் நீர் வெளியேறும், சம்ப் வற்றி வெளியே நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் மழைக்காலத்தில் திசை மாறும். அதனால் சம்ப்பை மட்டும் இரண்டு முறை சோதிக்க வேண்டியிருக்கிறது: நிரப்பி வைத்து மட்டம் இறங்குகிறதா என்று ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழையில் காலியாக வைத்து, சுவரில் எங்காவது நீர் பொசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது இன்னொரு முறை.

பழுதுபார்த்து முடித்தபின் அதே இரவுச் சோதனையை மறுபடி செய்யாமல் பிளம்பருக்குக் கணக்குத் தீர்ப்பது அவசரம். மட்டம் நின்றுவிட்டால் ஒழுக்கு நின்றுவிட்டது. கறை அப்போதும் சில வாரம் ஈரமாகவே இருக்கும், ஜல்லியில் தேங்கியது வடிந்தாக வேண்டும். பென்சில் கோட்டுக்குள்ளேயே கறை நின்று, பிறகு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்குமுன் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்து மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டைக் கொப்புளமாக உயர்த்தும், அல்லது பூச்சு இல்லாத பக்கத்துச் சுவருக்கு நகரும்.